கல்லுக்கு இருபத்துநாலு பாயிண்ட்

உங்களில் யாருக்காவது இந்த வாரம் ‘இன்கம்ப்ளீட் டைப்’ என்ற பிழை வந்திருக்கும். வரவில்லை என்றால் இந்த வாரம் யாருமே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். திரையில் சிவப்பாக அந்த வரி வந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கிருந்தோ நாலு வரியை எடுத்து வந்து ஒட்டுவீர்கள். சிவப்பு போய்விடும். டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் டீ குடித்தேன். அந்த டீயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இதை நம் ஆபீஸில் வயரிங் பார்க்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காக ஒரு விளக்கம். சி மொழியில் ஸ்ட்ரக்சர் என்பது பல விவரங்களை ஒரே பெயரில் வரிசையாகக் கட்டி வைத்த பொட்டலம். பொட்டலத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே என்ன, எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லாமல், ‘மூன்றாவது பொருளை எடு’ என்றால், நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் எடுக்காது. பெயர் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது என்று முறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் இந்தப் பிழை. பெரும்பாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் ஹெடர் ஃபைல் ஒன்றைச் சேர்க்க மறந்திருப்போம், சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் சில சமயம் அந்தப் பொட்டலத்தைக் கட்டியவரே, யாரும் பிரிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே மூடி வைத்திருப்பார். இரண்டுக்கும் சிவப்பு ஒரே சிவப்புதான். எது எது என்று பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் சொல்வது கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் இருந்த, ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் நடந்தது. மில் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வந்து இறங்கும். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதை அங்கே பாயிண்ட் என்பார்கள். ஐந்து கிலோ கிழங்கை வெளியே ஒருமுறை, தண்ணீரில் மூழ்கவிட்டு ஒருமுறை எடை போட வேண்டும். மாவு கெட்டியாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் கனக்கும். அந்த இரண்டு எடைகளிலிருந்து பாயிண்ட் வரும். இருபத்தெட்டு என்றால் நல்ல கிழங்கு, இருபத்துநாலு என்றால் சுமார். பத்து மாதம் காட்டில் நின்ற பயிருக்கு என்ன விலை என்பதை அந்த ஓர் எண் தீர்மானித்துவிடும். அதிலும் பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. நேரம் ஆக ஆக உள்ளே நீலம் ஓடும், பாயிண்ட் இறங்கும். அதனால் அந்த மில் வாசலில் முந்துவதற்கு நடக்கும் சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பாயிண்ட் மெஷின் நம்முடையது. அதற்கு புரோகிராம் எழுதியவள் நான். உள்ளே இருக்கும் சென்சார் போர்டையும் அதிலிருந்து எண்களை எடுத்துத் தரும் லைப்ரரியையும் செய்தவர் லூர்துசாமி. அவரை நீங்கள் பார்த்ததில்லை. பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

சீசன் தொடங்கிய வாரத்தில் இடி விழுந்து போர்டு எரிந்துபோனது. லூர்துசாமி புதிய போர்டு செய்தார், லைப்ரரியையும் மாற்றி எழுதினார். காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வைத்து போர்டையும் ஒரு பென் டிரைவையும் என் கையில் கொடுத்து, “ஹெடர ஒருதபா படிச்சுடுங்க மேடம்” என்றார். அவர் பேசுவதே அபூர்வம், பேசியதையாவது நான் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்தைந்து வருஷ அனுபவம் என்ற கர்வம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, காற்றும் நன்றாக வந்தது, தூங்கிவிட்டேன்.

மில்லில் இறங்கும்போதே பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. யார்டு மேஸ்திரி ஏழுமலை என் பையைக்கூட இறக்கி வைக்க விடவில்லை.

“இன்னா மேடம், எத்தினி நேரம் ஆவும்? வண்டிக்காரனுங்க என்னப் புடிச்சு மென்னுக்கினு இருக்கறானுங்க.”

“பத்தே நிமிஷம்” என்றேன். இந்தத் தொழிலில் சேருகிற அன்றே நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பொய் அது.

போர்டை மாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்து கம்பைல் கொடுத்தேன். இன்கம்ப்ளீட் டைப். என் புரோகிராம் லூர்துசாமியின் ஸ்ட்ரக்சருக்குள் நேராகக் கைவிட்டு பாயிண்டை எடுத்துக்கொள்ளும். பழைய லைப்ரரியில் அது திறந்து கிடந்தது. புதியதில் ஹெடரில் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காணோம். மனிதர் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஒன்றை மறந்தார் என்று நான் நம்பியது எவ்வளவு பெரிய கொழுப்பு என்று இப்போது தெரிகிறது.

வாசலில் ஹாரன். ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையின் தலை நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறது. போன் போட்டால் லூர்துசாமி எடுப்பார், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் போய்க் கேட்பதா? பழைய ஹெடர் என்னிடம் இருந்தது. அதிலிருந்த ஸ்ட்ரக்சரை அப்படியே எடுத்து என் ஃபைலில் ஒட்டினேன். சிவப்பு போய்விட்டது. மெஷின் ஓடியது. டீ சொன்னேன்.

முதல் வண்டி காசியம்மாளுடையது. வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். முதல் நாள் சாயங்காலம் கிழங்கைப் பிடுங்கி, மினி லாரி பிடித்து, விடியுமுன் மலையிறங்கி வந்து முதலாவதாக நின்றவர். கூடையில் மாதிரிக் கிழங்கை வைத்தோம். வெளி எடை சரியாக வந்தது. தண்ணீருக்குள் எடையும் சரியாக வந்தது. பாயிண்ட் இருபத்துநாலு.

காசியம்மாள் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது எங்கிழங்கு பாயிண்ட் இல்லம்மா. இருவத்தெட்டுக்கு ஒண்ணு கொறயாது.”

“மெஷின் பொய் சொல்லாதுங்க” என்றேன். டீ நன்றாக இருந்தது.

“இருவத்துநாலுக்கு எறக்கினா நான் பத்து மாசம் சும்மா குந்தியிருந்த மாதிரி. எறக்க மாட்டேன்.”

ஏழுமலை அவருக்கு நல்லது சொன்னார். “இந்தாம்மா, இப்ப எறக்கலன்னா மத்தியானத்துக்கு இன்னும் கம்மியாப் பூடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுவக்கூடாது.” காசியம்மாள் கேட்கவில்லை. வண்டியை ஓரமாக வேப்பமரத்தடிக்கு விடச் சொல்லி, கிழங்கின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேறு மில்லுக்குப் போனால் அங்கே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், கிழங்கு தாங்காது. இங்கேயே இருந்தாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வண்டி இருபத்துநாலு. மூன்றாவது இருபத்துநாலு. நாலாவது இருபத்தைந்து.

“இன்னா மேடம், இன்னிக்கி எல்லாம் ஒரே அச்சுல ஊத்தின மாதிரி வருது?” என்று ஏழுமலை கேட்டார்.

“ஒரே மழை, ஒரே மண்ணு. வேற எப்படி வரும்?” என்றேன். சொல்லும்போது எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

பத்தரை மணிக்கு இருபத்தாறு. பதினொன்றரைக்கு இருபத்தேழு. உள்ளே கிழங்கு எதுவாக இருந்தாலும், வெயில் ஏற ஏற எண் ஏறியது. நான் கவனிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் கவனித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி முந்துகிற அந்த யார்டில் அதற்குப் பிறகு நடந்ததை ஏழுமலை வாழ்நாளில் பார்த்ததில்லை.

“அண்ண, நீங்க முன்னாடி போங்க.”

“வாணாம்பா, சின்னப் புள்ளைங்கள வூட்ல வுட்டுட்டு வந்திருப்ப, நீ போ.”

“எனக்கு இன்னா அவசரம்? நான் ஒரு வாய் சாப்ட்டு வந்துடறேன்.”

ஒருவருக்கு டயரில் காற்று இல்லை. ஒருவருக்கு ராகுகாலம். இன்னொருவர் டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு, கெட்டுப்போகாத எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். வரிசை பின்பக்கமாக நகர்ந்தது. ஏழுமலை ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார்.

“தெனம் நான் ‘நில்லுங்கடா’ன்னு கத்துவேன். இன்னிக்கி ‘வாங்கடா’ன்னு கத்திக்கினு இருக்கறேன். இன்னா மேடம் நடக்குது?”

அப்போதும் நான் யோசிக்கவில்லை. வெயிலில் கிழங்கின் ஈரம் காய்கிறது, ஈரம் குறைந்தால் மாவின் விகிதம் கூடும் என்று விளக்கம் சொன்னேன். அனுபவசாலிகளிடம் இருக்கிற ஆபத்து இதுதான். எந்தத் தப்புக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். புதிதாக வந்தவர்களாக இருந்தால் பயந்துபோய் சரிபார்த்திருப்பீர்கள்.

ஒரு மணிக்கு வந்த வண்டியில் பாதிக் கிழங்கு நீலம் ஓடிப்போயிருந்தது, கிட்டே போனால் வாடை அடித்தது. முப்பத்தொன்று வந்தது. அந்த டிரைவர் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஓர் ஆள் வந்து, கிழங்கை மூழ்கவிடும் தொட்டித் தண்ணீர் சேறாகிவிட்டது என்று கொட்டிவிட்டு, போர் தண்ணீர் பிடித்து ஊற்றினார். அதற்காகவே காத்திருந்தது போல டயருக்குக் காற்று அடித்து முடித்தவர் வந்தார். இருபத்துநாலு. அவர் போட்ட சத்தம் மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

வேப்பமரத்தடியிலிருந்து காசியம்மாள் இறங்கி வந்தார். காலையிலிருந்து அவர் வேறு ஒன்றும் செய்யவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகத் தொட்டிக்குள் கையை விட்டார். பிறகு யார்டின் ஓரத்தில் கிடந்த கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து, கிழங்குக் கூடையில் வைத்தார்.

“இதுக்கு எத்தினி பாயிண்ட்டுன்னு பாரு.”

நான் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினேன். இருபத்துநாலு.

ஏழுமலைதான் மெதுவாகக் கேட்டார். “கல்லுல மாவு இருக்குமா மேடம்?”

காசியம்மாள் விடவில்லை. கூலியாட்களுக்குச் சோறு வடிக்கக் கொதித்துக்கொண்டிருந்த உலைத் தண்ணீரை ஒரு குண்டானோடு கொண்டுவரச் சொல்லி, தொட்டியில் ஊற்றினார். முப்பத்தாறு.

“கல்லு முத்திப்போச்சு” என்றார் யாரோ பின்னாலிருந்து. அவ்வளவுதான், யார்டு முழுவதும் சிரிப்பு. டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவர்கூட வெளியே வந்து சிரித்தார்.

“உன் மிசினு கெழங்கப் பாக்கலம்மா. தண்ணி எவ்ளோ சூடுன்னு பாத்துச் சொல்லிக்கினு இருக்குது” என்றார் காசியம்மாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

லேப்டாப்போடு எடை ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லூர்துசாமிக்குப் போன் போட்டேன். காலையிலேயே போட்டிருக்க வேண்டிய போன். நடந்ததைச் சொன்னேன்.

“பழைய ஸ்ட்ரக்சர ஒட்டினீங்களா மேடம்?”

“ஆமா.”

“பழசுல மூணாவதுதான் பாயிண்ட். புதுசுல மூணாவதா தண்ணி சூடு இருக்குது. பாயிண்ட் நாலாவது.”

“சூட்ட எதுக்கு உள்ள நுழைச்ச?”

“தண்ணி சூடு மாறினா எடை லேசா மாறும், அதையும் சேத்துக் கணக்குப் பண்ணணும்னு போன சீசன்ல நீங்கதான் சொன்னீங்க.”

சொல்லியிருக்கிறேன். நன்றாக நினைவிருக்கிறது, ரொம்ப அழுத்தமாகச் சொன்னேன்.

“சரி, உள்ள இருக்கிறத ஹெடர்ல எழுதாம ஏன் மறைச்ச?”

“நாளைக்கு இன்னொண்ணு சேப்பேன். யாரும் உள்ள கைவெச்சு எடுத்தா மறுபடி மாறிப்பூடும். அதான் மூடிட்டேன். பாயிண்ட் வேணும்னா கேக்கறதுக்கு ஒரு பங்ஷன் குடுத்திருக்கறேன். ஹெடர்ல கடைசி வரி.” கூடவே, “படிக்கச் சொன்னேன் மேடம்” என்றார்.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வரும் அளவுக்கு என்னால் பேசிவிட்டார். நான் ஒட்டியதை அழித்தேன். அந்த பங்ஷனை அழைக்கும் ஒரே வரியை எழுதினேன். கம்பைல் ஆனது. நான்கு நிமிஷம். கம்பைலர் காலையில் கத்தியபோதே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, உனக்கு உள்ளே இருப்பது தெரியாது என்று. நான் அதன் வாயை அடைத்துவிட்டு, தெரியும் என்று ஊருக்குச் சொன்னேன்.

அதன் பிறகுதான் கஷ்டமான பகுதி. இரண்டு எடைகளும் காலையிலிருந்து சரியாகத்தான் வந்திருந்தன, மெஷின் அவற்றைச் சேமித்தும் வைத்திருந்தது. எல்லோருக்கும் பாயிண்டைத் திரும்பக் கணக்கிட முடியும். கணக்கிட்டேன். காசியம்மாளின் காலைக் கிழங்குக்கு வந்தது இருபத்தொன்பது. முப்பத்தொன்று வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனவருக்கு இருபத்திரண்டு.

ஏழுமலை கதவைத் திறந்து உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், மத்தவங்களுக்குச் சொல்ல வாணாம். போனது போவட்டும். மிசினு தப்புன்னு ஒருதபா தெரிஞ்சுச்சுன்னா நாளைக்கி ஒருத்தன் நம்ப மாட்டான். அந்தம்மாவுக்கு மட்டும் இப்ப இன்னொருதபா போட்டு, வர்றத குடுத்துடலாம்.”

இப்போது போட்டால் என்ன வரும் என்று பார்த்தேன். சாக்கை விலக்கி ஒரு மாதிரி எடுத்து வைத்தோம். இருபத்தேழு. ஐந்து மணி நேர வெயில் இரண்டு பாயிண்டைத் தின்றிருந்தது. இறக்கும்போது வருகிற பாயிண்ட்தான் செல்லும் என்பது மில்லின் சட்டம். இருபத்துநாலோடு பார்த்தால் இருபத்தேழு லாபம், அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார் என்றார் ஏழுமலை. அது உண்மைதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த இரண்டு பாயிண்ட் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியே விட்டுவிட எனக்கு ஆசையாக இருந்தது என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பதினோரு வண்டிக்காரர்கள் முன்னால் போய் நின்று ‘நான் தப்புச் செய்தேன்’ என்று சொல்ல வேண்டும். அதிலும் காலையில் அந்தம்மாவிடம் பேசிய பேச்சு. திருத்திய பாயிண்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு எழுந்து போய் எடைமேடை மேல் ஏறினேன்.

போர்டு மாற்றிய இடத்தில் என் தப்பு, காலையிலிருந்து வந்த எல்லாப் பாயிண்டும் தப்பு, சரியானதை இப்போது படிக்கிறேன் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தேன். காலையில் இறக்கியவர்கள் விசிலடித்தார்கள். மத்தியானம் இறக்கியவர்கள் மெஷின் முதலில் சொன்னதுதான் செல்லும் என்று சண்டைக்கு வந்தார்கள். “அப்ப கல்லுக்கும் காசு குடுக்கச் சொல்றியா?” என்று ஏழுமலை ஒருவரைக் கேட்டதில் கொஞ்சம் அடங்கியது. நான் படித்ததைக் கேட்டதும் அவர் என் பக்கம் வந்துவிட்டார், அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். கடைசியாகக் காசியம்மாளின் பெயரைப் படித்து, இருபத்தொன்பது என்றேன்.

“இப்ப போட்டது இருவத்தேழு இல்ல?” என்றார் அவர். உள்ளே நடந்தது எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“வந்தப்ப இருபத்தொன்பது. நிக்க வெச்சது நான். அந்த ரெண்டு பாயிண்ட்டுக்கு நான்தாங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு ஏழுமலையைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “காலையில போட்டதுதான எழுதறது, எழுதிக்கறேன்” என்றார்.

காசியம்மாள் இன்னும் போகவில்லை. மேடைக்குக் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மிசினு பொய் சொல்லாதுன்ன.”

“மெஷின் சொல்லலீங்க. நான் சொன்னேன்.”

“நான் வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி மேல பத்து கெழங்கு, அடியில பத்து கெழங்கு ஒடைச்சுப் பாத்தேன். பாத்துட்டுதான் இருவத்தெட்டுக்குக் கொறயாதுன்னேன். நீ எத்தினி தபா பாத்துட்டு இருவத்துநாலுன்ன?”

யார்டில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருதபாகூடப் பாக்கலீங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்துத் திரும்பி, “சாக்க எடுங்கப்பா, எறக்கிடலாம்” என்றார்.